கரை வருமுன் எழுந்து நின்றேன்

மழையில் சயான் ஸ்டேஷன் தண்டவாளம் மூழ்கி, லோக்கல் ரயில் நின்று அலுத்துப்போனபோதுதான், கனடாவில் வேலை பார்க்கும் அண்ணனோடு ஏரிப் பயணம் போயே தீருவதென்று முடிவெடுத்தேன்.

அங்கே காட்டுக்குள் ஏரிக்குப் பின் ஏரி! நிலம் குறுக்கிட்டால் துடுப்புப் படகைத் தலைக்குமேல் தூக்கி நடந்து, அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். இரண்டாவது ஏரியில் என் தூண்டிலில் முதல் மீன் சிக்கியது. கூடாரம் போட்டு அதைச் சுட்டுத் தின்னும் அவசரம் எனக்கு. கரை நெருங்கியதும், ஸ்டேஷன் வருமுன்னே ரயில் வாசலுக்குப் போகும் பழக்கத்தில், பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"ஏல, உக்காருல! தாதர் ஸ்டேஷனா வருது?" என்று அண்ணன் கத்துவதற்குள் படகு கவிழ்ந்தது.

உறையவைக்கும் தண்ணீர். நீச்சல் தெரியாத என்னை லைஃப் ஜாக்கெட்தான் காப்பாற்றியது. மீன் போயே போச்சு!

ஊர் திரும்பியதும் செம்பூரில் நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ரயிலில் இன்னமும் முன்னாடியே எழுகிறேன். படகில் மட்டும், தரை தட்டும்வரை அசைய மாட்டேன். அடுத்த கோடையில் ஐந்து ஏரிகள்!