பூசணிக்காய் கேக்கும் மூன்று வெள்ளைத் தட்டுகளும்

என் மனைவி கனடாவுக்கு வந்து சேர்ந்த இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டில் சோற்றைவிடக் கேக் அதிகமாக இருந்தது. எண்பத்தேழாம் ஆண்டு. நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில், பைக்கற்றில் அடைத்த கேக் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன்.

யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவனை முதலில் பெட்டி அடுக்க விட்டார்கள். அடுக்கிய ஒழுங்கைப் பார்த்தோ, என் முதுகைப் பார்த்து இரங்கியோ, பிறகு சுவை பார்க்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே அடுத்த வருடத்து இலையுதிர் காலம் இந்த வருடமே நடந்துகொண்டிருந்தது. பூசணிக்காய் கேக், ஆப்பிள் பேஸ்ட்ரி, மேப்பிள் கிரீம் சுருள், எல்லாம் அடுத்த வருடம் கடைக்குப் போக வேண்டியவை. ஒவ்வொன்றையும் வெள்ளைத் தட்டில் வைத்து, பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கம் ஒட்டி, பக்கத்தில் வெறும் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் வைப்பது என் வேலை. சுவைப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது. முக்கியமாக, ‘நல்லது’, ‘கூடாது’ என்ற இரண்டு சொற்களும் அந்த அறையில் தடை. எப்படி இருக்கிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் எத்தனையோ விதிகளைக் கட்டிக் காத்தவன் நான். இவ்வளவு அறிவுள்ள விதி ஒன்றை அங்கே கண்டதில்லை.

மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோக மேற்பார்வை பார்த்த பெண்மணி அனுமதித்தார். கொண்டுபோனேன்.

எங்கள் கல்யாணத்துக்கும் நான் விமானம் ஏறியதற்கும் இடையில் ஒரு மாரி காலம்தான் இருந்தது. பிறகு மூன்று வருடம் கடிதம். ஆகவே, டோர்செட் பார்க் பகுதியில் என் ஒன்பதாம் மாடி வீட்டில் வந்து இறங்கியவள் சட்டப்படி மனைவி, நடைமுறையில் விருந்தாளி. பூசணிக்காய் கேக்கை நீட்டி, “எப்பிடி இருக்குது?” என்று கேட்பேன். “நல்லாயிருக்கு” என்பாள். மேப்பிள் சுருளும் நல்லாயிருந்தது. வீடும், குளிரும், ஹீட்டர் போடும் சத்தமும்கூட நல்லாயிருந்தன. கல்யாண வீட்டில் சாம்பாரை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் படலை தாண்டியதும் கிழிக்கிற சனம் நாங்கள். அந்தப் புகழ்ச்சி எவ்வளவு பெறும் என்று எனக்குத் தெரியாதா?

லண்டனில் இருந்த அவளுடைய தங்கை ஞாயிறு தவறாமல் போன் எடுப்பாள். அவள் குரல் ரிசீவரைத் தாண்டிக் குசினி வரை கேட்கும்.

“அக்கா, அங்க என்ன செய்யிறாய்? இஞ்ச வந்து எங்களோட இரன்.”

“பாப்பம்” என்பாள் என் மனைவி.

அந்த ‘பாப்பம்’ என் நித்திரையைக் கெடுத்தது. கச்சேரியில் வந்த மனுக்காரர்களுக்கெல்லாம் நானும் அதே சொல்லைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். போவதென்று உள்ளே முடிவு செய்துவிட்டவளின் சொல்லாகவே அது எனக்குக் கேட்டது.

வீட்டில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. யன்னலைத் திறப்பேன், மூடுவேன். கால்வாசி நிரம்பிய குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு கொரிடோருக்குப் போவேன். முன் வீட்டுக்காரர் ஒருநாள் சிரித்தார்.

“அண்ணை, மனுசி வராமல் இருக்கேக்கயும் கொரிடோரில நிண்டனீங்கள். இப்ப வந்த பிறகும் இஞ்சதான் நிக்கிறியள்.”

அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்கு ஸ்பொன்சர் பேப்பர் நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். மனைவியை வரவழைக்க எந்தப் படிவம், எந்த வரிசை, எல்லாம் எனக்குப் பாடம். வந்தவளை இருக்க வைக்கப் படிவம் எதுவும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், வேறு வழி தெரியாமல், தொழிற்சாலை முறைப்படி மேசையில் மூன்று தட்டுகளை வைத்தேன். இலக்கம் ஒட்டினேன். தண்ணீர் வைத்தேன்.

“இண்டைக்கு நல்லாயிருக்கு எண்டு சொல்லக் கூடாது. கூடாது எண்டும் சொல்லக் கூடாது.”

“அப்ப என்னத்தைச் சொல்லுறது?”

“எப்பிடி இருக்குதோ அதைச் சொல்லும்.”

“இதென்ன, சோதினையோ?”

“ஓம். கேக்குக்கு.”

முதல் தட்டில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். “பல்லுக்கொதிக்குப் பஞ்சில வைக்கிற கராம்புத் தைலம்.”

“அடுத்தது?”

“ஆரோ ஆட்டிறைச்சிக் கறிக்குள்ள சீனியைக் கொட்டிப்போட்டினம்.” தண்ணீர் குடித்தாள். மூன்றாவதைச் சற்று நேரம் மென்றாள். “இது அண்ணத்தில ஒட்டுது. நாக்கால தள்ளினாலும் போகுதில்லை.”

அவள் வாயிலிருந்து இவ்வளவு சொற்கள் வந்து நான் கேட்டதில்லை. “வேற?” என்றேன்.

“கேக்கைப் பற்றியோ?”

“எதைப் பற்றியும்.”

விரல்களைத் துடைத்தாள். “விடிய நீங்கள் போனால் பின்னேரம் வரைக்கும் எனக்கு லிஃப்ட் சத்தம்தான். நான் நாப்பது பிள்ளையளை வைச்சுக் கணக்குப் படிப்பிச்சனான். இஞ்ச என்ர குரல் எனக்கே மறந்துபோச்சு. நீங்கள் வந்து கதவைத் திறந்த கையோட கேக்கை நீட்டுறீங்கள். கடிதத்தில எவ்வளவு கதைச்சனீங்கள். அந்த ஆள் இன்னும் வந்து சேரேல்லை.”

நான் யன்னல் பக்கம் போயிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

“லண்டனுக்குப் போகப் போறீரோ?”

“போவம் எண்டுதான் நினைச்சனான்.”

“இப்ப?”

“முதல்ல நீங்கள் ஒரு இடத்தில இருங்கோ. நிண்டுகொண்டு கேக்கிறவருக்கு என்னெண்டு மறுமொழி சொல்லுறது?”

இருந்தேன். அவள் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். நான் பெட்டி அடுக்கிய மாதங்களைப் பற்றி, கடிதத்தில் எழுதாததைச் சொன்னேன். லண்டனைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மறுநாள் போன் வந்தது. குசினியில் குழாயைத் திறந்துவிட்டேன், கேட்கவில்லை என்று காட்டுவதற்காக. பிறகு, கேட்பதற்காக மூடினேன்.

அவள் தங்கைக்கு முறையிட்டுக்கொண்டிருந்தாள். கட்டடத்தில் கறி மணம் போகாதாம். பஸ்ஸில் ஒருத்தரும் முகம் பார்க்கமாட்டார்களாம். இவர் சோற்றை மெல்லாமல் விழுங்குகிறாராம். தங்கை இடையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

“இல்லையடி, நான் வரேல்லை. மாசி மாதம் இஞ்ச ரீச்சர்மாருக்கு ஒரு வகுப்புத் தொடங்குதாம், முன் வீட்டு அக்கா விசாரிச்சுச் சொன்னவ. வாறதெண்டால் நீ ஒருக்கா வந்து பாத்திட்டுப் போ.”

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “இஞ்சருங்கோ, இஞ்ச ஸ்நோ எப்ப தொடங்கும்?”

வழக்கமாக நவம்பர் நடுவில், சில வருடங்களில் முந்தியும், நிலத்தில் தங்குவது மார்கழிக்குப் பிறகுதான் என்று விபரமாகச் சொன்னேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை எடுத்தாள். “இவருக்குத் தெரியாதாம்” என்றாள் தங்கையிடம்.