அளக்கவும் இசைக்கவும் ஒரு மேல்மாடி

எங்கள் ராத்தாவை எங்களுக்குத் தந்து, தனக்கு விருப்பமான நேரத்தில் திரும்ப எடுத்துக்கொண்ட அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ராத்தா மவுத்தாகி ஒரு வருடம் நிறைகின்ற இந்நாளில், அவரின் ஒரே தங்கை என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அழுதழுது எழுதினால் ராத்தா சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவார். ஆகவே நிமிர்ந்து இருந்தே எழுதுகிறேன்.

ராத்தா சாய்ந்தமருதில், கடலோரம் இருந்த எங்கள் பழைய வீட்டில் பிறந்தார். வாப்பா சம்மாந்துறை ஆலைகளில் அரிசி ஏற்றிக் கொழும்புக்கு லொறி ஓட்டியவர். ராத்தா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது வாப்பா திடீரென மவுத்தானார். உம்மா அப்பம் சுட்டு விற்றார். ராத்தா பின்னேரங்களில் அயல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படித்தான் பல்கலைக்கழகம் போய்ப் பௌதிகவியல் படித்தார். கொழும்பிலேயே வேலை கிடைத்தும் ஊருக்குத் திரும்பி, பெண்கள் பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆசிரியையானார். என்னைப் படிப்பித்ததும் அவர்தான், கலியாணம் செய்து வைத்ததும் அவர்தான். அவரைக் கேட்டும் பலர் வந்தார்கள். “எனக்கு இந்த வாழ்க்கை போதும் உம்மா, ஒரு குறையுமில்ல” என்று சொல்லிவிட்டார். அதில் வருத்தமும் இருக்கவில்லை, வீம்பும் இருக்கவில்லை.

கருவி சேர்க்கும் பழக்கம் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. கட்டாரில் வேலை செய்த எங்கள் மாமாவின் மகன், “லீவில வாறன் ராத்தா, என்ன கொண்டு வாற? சென்ற் போத்தலா, பிளாங்கற்றா?” என்று கேட்டார்.

“பழைய கருவி ஏதும் கண்டா வாங்கிட்டு வா தம்பி. அளக்கிறதா இரிந்தாலும் சரி, சத்தம் போடுறதா இரிந்தாலும் சரி.”

அவர் பகிடி என்றுதான் நினைத்தாராம். என்றாலும் ஓர் அஸ்துர்லாபுடன் வந்து இறங்கினார். நட்சத்திரத்தின் உயரத்தைப் பார்த்து நேரம் அறிய முற்காலத்து முஸ்லிம் வானியல் அறிஞர்கள் பயன்படுத்திய பித்தளைத் தட்டு அது. அந்தக் காலத்துப் பொருள் அல்ல, அதைப் பார்த்துப் புதிதாகச் செய்தது. ஆனாலும் வேலை செய்தது. அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டியதும் ராத்தா அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்ற நிலையை நான் மறக்கமாட்டேன். நகை போட்ட மணப்பெண் கூட அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு வெளிநாட்டில் இருந்த எங்கள் சொந்தத்தில் ராத்தாவின் தொல்லைக்குத் தப்பியவர் எவருமில்லை. கப்பலில் வேலை செய்தவர் ஸன்ஸிபாரிலிருந்து, இரும்பு நாக்குகளைப் பெருவிரலால் தட்டி இசைக்கும் பெட்டியைக் கொண்டு வந்தார். துருக்கியிலிருந்து நாணல் குழல் வந்தது. மலேசியாவிலிருந்து வெண்கலச் சேகண்டி வந்தது. கப்பல் மாலுமிகள் சூரியனின் கோணம் பார்த்த செக்ஸ்டன்ட் ஒன்றைக் கொழும்பில் பழைய சாமான் கடையில் ராத்தாவே தேடிப் பிடித்தார். சுனாமி வந்தபோது அந்தப் பழைய வீட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. நாங்கள் எல்லோரும் உயிர் தப்பினோம். அகதி முகாமில் இருந்துகொண்டு ராத்தா சொன்னது ஒன்றுதான்: “நாம இரிக்கம். சாமானத் திரும்பத் தேடலாம்.” தேடினார். கடலை விட்டுத் தள்ளி உம்மா ராத்தாவின் பேரில் கட்டிய புதிய வீட்டில், முன்னர் இருந்ததிலும் அதிகமாகச் சேர்ந்தன.

ஓடாத கருவியை ராத்தா வீட்டில் வைக்கமாட்டார். அளக்கும் கருவிகளை அவரே திருத்தினார். இசைக் கருவிகளைத் திருத்தி, சுருதி சேர்த்தவர் ஸ்டெல்லா டீச்சர். கல்முனையைச் சேர்ந்தவர், ராத்தாவுடன் படிப்பித்த காலத்துச் சிநேகிதி, ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த கோயிலில் ஓகன் வாசிப்பவர். நாட்டு நிலைமையால் ஊருக்கு ஊர் போகப் பயந்திருந்த நாட்களிலும் இவர்கள் இருவரின் சண்டை நின்றதில்லை. “உங்கட காதுக்கு ஒரு அளவுகோல் செஞ்சி தாறன்” என்பார் ராத்தா. “என்ட காதுதான் டீச்சர் அளவுகோல்” என்பார் அவர்.

என் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தபோதுதான் சோதனை வந்தது. மாப்பிள்ளை சம்மாந்துறை, நல்ல பிள்ளை, நெல் ஆலை வைத்திருக்கும் குடும்பம். நம் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். எங்களிடம் கொடுக்க இருந்தது ராத்தாவின் வீடு மட்டும்தான். அதை என் மகளுக்குத் தருவதாக ராத்தா எப்போதோ சொல்லியிருந்தார். ஆனால் ஹோலும் இரண்டு அறைகளும் கருவிகளால் நிறைந்திருந்தன; அவற்றைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் வந்தபடி இருந்தார்கள். வீடு பார்க்க வந்துபோன மாப்பிள்ளையின் உம்மா சொல்லி அனுப்பினார்: “குடியிரிக்கிற வீட்டுல ஊரார் எல்லாம் ஏறி இறங்கினா எப்பிடி? அதோட இந்த மேளம், குழலெல்லாம் என்னத்துக்கு? ஒதுக்கித் தந்தா கலியாணத்த வெப்பம்.”

அதே வாரத்தில் ஒரு வழியும் திறந்ததுபோல் இருந்தது. ஊரில் ஒரு மண்டபத்தை நடத்திய குழுவின் தலைவரான ஹாஜியார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கருவிகளுக்குத் தனி அறையும் கண்ணாடி அலுமாரிகளும் தருவதாகச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை: அளக்கும் கருவிகள் மட்டும் வரலாம், இசைக் கருவிகள் வரக்கூடாது. இசை மார்க்கத்துக்கு ஆகாது என்பது குழுவின் எண்ணம். எனக்கும் என் கணவருக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இசைக் கருவிகளை ஸ்டெல்லா டீச்சரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன்.

ராத்தா எழுந்து போய், தச்சரைக் கொண்டு செய்வித்திருந்த ஒரு நீள மரப் பெட்டியைக் கொண்டு வந்து ஹாஜியாரின் முன்னால் வைத்தார். அதன்மேல் ஒரே ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. கம்பிக்குக் கீழே நகர்த்தக்கூடிய ஒரு மரத்துண்டு, ஓரத்தில் அளவுக் கோடுகள். பழைய கிரேக்கர் காலத்திலேயே இப்படி ஒன்று இருந்ததாம்.

“தட்டுங்க ஹாஜியார்.”

அவர் தயங்கித் தட்டினார். ராத்தா மரத்துண்டைச் சரி பாதிக்கு நகர்த்தினார். “இப்பத் தட்டுங்க.”

அதே ஒலி, உயரத்தில் கேட்டது.

“பாதியா அளந்தா அதே சுரம் மேல கேக்கும். மூணில ரெண்டு பங்கா அளந்தா அதோட சேருற வேற சுரம் கேக்கும். இப்பச் சொல்லுங்க, இது அளக்கிற கருவியா, இசைக்கிற கருவியா? நான் இத எந்தப் பக்கம் வெக்கிற?”

ஹாஜியார் சிரித்துவிட்டார். “எனக்கு விளங்குது டீச்சர். ஆனா குழு ஒத்துக்கொள்ளாது. உங்களுக்குப் பொய் சொல்ல ஏலா.”

“பரவால்ல. நேரா சொன்னீங்களே, அது போதும். தேத்தண்ணி ஆறப்போகுது, குடிங்க.”

அவர் போனபின் எனக்கு அழுகை வந்துவிட்டது. “புள்ளட கலியாணம் என்ன ஆகிற ராத்தா?” என்றேன்.

“வீடு புள்ளைக்குத்தான். அதில கதையே இல்ல” என்றார் ராத்தா. “கருவி மேல போகும். பென்ஷன் எடுக்கக்குள்ள கிடைச்ச காசில மேல்மாடி போடுறன், ஏணிப்படி வெளியால. பாக்க வாறவங்க வீட்டுக்குள்ள கால் வெக்கத் தேவல்ல. நாளைக்குச் சம்மாந்துறைக்கு வா, நானே கதைக்கிறன்.”

பெண் வீட்டுப் பெண்கள் முன்னறிவிப்பில்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது நம்மிடையே இல்லாத வழக்கம். ராத்தா போனார். கையில் ஒரு சிறு மரப் பெட்டி. மாப்பிள்ளையின் உம்மா ஆலை முற்றத்தில் காயும் நெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணவர் மவுத்தான பிறகு அந்த ஆலையை நடத்தியவர் அவர்தான். எங்களைக் கண்டு முகம் இறுகியது. ராத்தா ஸலாம் சொல்லி, சம்பந்தம் முடிந்துவிட்டதுபோல் மச்சி என்று உறவுமுறை வைத்து அழைத்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பித்தளைக் கோல், அதன் ஒரு முனையில் சின்ன வாளி, கோலின்மேல் நகரும் எடை.

“மச்சி, இது இங்கிலாந்தில தானியச் சந்தையில வெச்சிருந்த தராசு. வாளிய நெல்லால நிரப்பி, மேல வழிச்சிட்டு, எடைய நகத்தினா ஒரு புசல் நெல்லு என்ன கனம் கனக்கும் எண்டு சொல்லும். எனக்கு நெல்லப்பத்தித் தெரியா. உங்களுக்குத்தான் தெரியும்.”

அந்த உம்மா நெல்லை அள்ளி வாளியை நிரப்பி, மேலே வழித்துவிட்டு எடையை நகர்த்தினார். பார்த்தார். இன்னொரு குவியலில் இருந்து அள்ளினார். “இதில பதர் கூட, நான் அப்பவே சொன்னன்” என்றார், எங்களுக்கல்ல, ஆலையில் நின்றவர்களுக்கு. பிறகு மூன்றாவது குவியலுக்குப் போனார். நான் வெயிலில் நின்று களைத்துப்போனேன். கடைசியில் தராசைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டே, “இத விப்பீங்களா டீச்சர்?” என்று கேட்டார்.

“விக்கிறதுக்கில்ல மச்சி. வீட்டுக்கு வந்து எப்ப வேணுமெண்டாலும் எடுத்துப் பாவிங்க. மேல்மாடியில இரிக்கும், ஏணிப்படி வெளியால.”

அவர் ராத்தாவை ஏற இறங்கப் பார்த்தார். “கீழ புள்ளைகள் நித்திரை கொள்ளக்குள்ள மேளம் அடிக்கப்படா.”

“ஓம், அடிக்கமாட்டம்.”

சம்பந்தம் அந்த முற்றத்திலேயே முடிந்தது. மேல்மாடி எழுந்த பிறகு கலியாணம் நடந்தது. இன்று கீழே என் மகள் குடும்பமாக வாழ்கிறாள். மேலே, உலகத்தின் பல மூலைகளில் மனிதர்கள் அளக்கவும் இசைக்கவும் செய்த கருவிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. காலப்போக்கில் அந்த ஹாஜியாரே தன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ராத்தாவைப் பிடித்த சிறுநீரக நோய் அவரின் உடம்பைத்தான் மெலிய வைத்தது. டயலிசிஸ் செய்யப் போகும்போதெல்லாம் அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தாதிமாரிடம் விளக்கம் கேட்பார். ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, நாங்கள் சுற்றியிருந்து யாஸீன் ஓத, அமைதியாகப் போனார். அல்லாஹ் அவரின் கப்றை ஒளியாக்கி, உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுப்பானாக.

ராத்தாவைக் கண்ணுங்கருத்துமாகப் பார்த்த வைத்தியர்கள், தாதிமார், ஜனாஸாவைச் சுமந்த சகோதரர்கள், ராத்தாவுக்காகக் கத்தம் ஓதிய நாட்களில் சமைத்து உதவிய அயலவர் எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. ஜனாஸா அன்று வாசலில் கதிரை போட்டு, அந்தி வரை எழும்பாமல் இருந்த ஸ்டெல்லா டீச்சருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகளுக்கு விளக்கம் சொல்லிக் களைத்துப்போன சொந்தங்களே, உங்களுக்கும் நன்றி. நீங்கள் சுமந்து வந்ததில் ஒன்றுகூட வீணாகவில்லை.

இனி ஒரேயொரு விடயம். கடைசி நாட்களில் என் மகள் கட்டிலருகே இருந்து, “பெரியும்மா, மேல்மாடிக்கு உங்கட பேர வெச்சி ஒரு பலகை போடுவமா?” என்று கேட்டாள். ராத்தா தலையாட்டி மறுத்தார். “என்ட பேர வாசிச்சி ஆருக்கு என்ன பிரயோசனம்? வாறவங்களுக்குத் தேவையானத எழுது.”

அவர் சொன்னபடியே எழுதி, சனிக்கிழமை காலைகளில் கதவைத் திறந்து வைக்கிறோம். ஏணிப்படியில் ஏறி வந்தால் வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நீங்களே வாசிப்பீர்கள்: “உள்ளுக்கு வாங்க. தொட்டுப் பாருங்க.”