கூழும் சாப்பாடுதான்!

போன வாரம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். இடது பக்கம். யாரும் சிரிக்க வைத்துவிடாதீர்கள்... தையல் இழுக்கிறது!

தியேட்டருக்குள் போகும் முன் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கேட்டார்: "நேத்து ராத்திரிக்கு அப்புறம் வாய்க்குள்ள என்ன போச்சு?"

'சாப்பிட்டீங்களா' என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா? விவரமானவர். எங்கள் பக்கத்து ஜனங்களை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

"ஒண்ணுமே போகல டாக்டர்" என்றேன். சொன்னதும் என் மனைவி ஞாபகம் வந்துவிட்டது. ஏன்?

முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே அருப்புக்கோட்டையில் வலது பக்கத்துக்கு ஆபரேஷன். அன்றைய டாக்டர் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்டார். "இல்லைங்க" என்றேன். பொய்யில்லை! காலையில் என் மனைவி பஞ்சவர்ணம் தூக்குவாளியில் கொண்டுவந்த கம்மங்கூழை ஒரு செம்பு குடித்திருந்தேன். அவள் பக்கத்துக் கிராமமான பரளச்சிக்காரி. அங்கே கூழ் குடிக்கிற சமாச்சாரம். சாப்பாடு என்றால் சோறு. எனக்கும் அதே கணக்குதான்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. பின்னாலேயே வந்தாள்.

"டாக்டரய்யா, பயமில்ல, இவுக நல்லாத் தாங்குவாக. வெறும் வயித்தோட அனுப்ப மனசு வரல... ஒரு செம்பு கூழு குடிக்க வச்சுத்தான் விட்டிருக்கேன்."

டாக்டர் ஸ்ட்ரெச்சரை எட்டிப் பிடித்து நிறுத்தினார்.

"என்னம்மா இது! மயக்கத்துல வயித்துல இருக்குறது மேல ஏறி வரும். இருமித் துப்ப இவருக்கு நினைவு இருக்காது. நேரா நுரையீரலுக்குள்ள எறங்கிரும். ஆளு பொழைக்கிறதே கஷ்டம்!"

நட்டநடு வராந்தாவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "ஆத்தாடி... நானே இவுகளக் கொல்லப் பாத்தேனே!"

ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அதுவரை அவள் பல்லிலும் பச்சைத் தண்ணீர் படவில்லை. "நீங்க பட்டினி கெடக்கையில எனக்கு மட்டும் எறங்குமா?" தூக்குவாளியை மடியில் வைத்துக் காவல் வேறு — நான் எட்டி எடுத்துவிடுவேனாம்!

அப்புறம் சொந்தபந்தத்தில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும், முந்தின நாளே பஸ் ஏறிப் போய்விடுவாள். திருச்சுழியிலிருந்த என் அண்ணனிடம் அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "கூழும் சாப்பாடுதான் மச்சான், காப்பியும் சாப்பாடுதான். வாயத் தொறக்கப்படாது!" படித்த டாக்டர் தோற்றார், போங்கள்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

போன வாரம் டாக்டரம்மா என்னைப் பாராட்டினார். "உங்கள மாதிரி சொன்னபடி வயிறு காலியா வர்றவங்க ரொம்பக் கம்மி சார்."

காலியாகத்தான் இருக்கும் டாக்டரம்மா... வெறும் வயிற்றோடு அனுப்ப மனசு வராதவள் வீட்டில் இல்லையே!