துரை சொன்ன டர்ன் அவுட்

இங்கிலீஷில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: டர்ன் அவுட். கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் முறையாகக் கற்றுக்கொடுத்ததுதான். கேக் நன்றாக டர்ன் அவுட் ஆயிற்று, மழை பெய்யும் என்று நினைத்தால் நல்ல வெயிலாக டர்ன் அவுட் ஆயிற்று என்று இரண்டு உதாரணங்கள் சொன்னார். கேக்கைக் கண்ணால்கூடப் பார்க்காத, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 'முடிவில் இப்படி அமைந்தது' என்று பொருள் எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்பதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தோட்டத்துத் துரை.

அப்போது நான் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். அப்பாவும் அம்மாவும் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே காம்பிராவில் இருந்தார்கள். லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் ஒற்றை அறையைத்தான் காம்பிரா என்போம். வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் எங்கள் தோட்டத்துத் துரை மட்டும் வெள்ளைக்காரராகவே இருந்தார். தோட்ட வேலைக்கென்று கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளான எங்களுக்குக் குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. இந்த நாட்டில் எங்களுடையது என்று சொல்ல அந்த அறைதான் இருந்தது. அதுவும் தோட்டத்தில் வேலை செய்கிறவரைக்கும்தான்.

அடைமழைக் காலத்தில் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். புருஷனைப் பறிகொடுத்தவள் கருமாதி முடியும்வரை வாசலைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். செத்தவர் கிடந்த இடத்தில் விளக்கேற்றி, அணையாமல் பார்த்துக்கொண்டு அவள் அங்கேயே இருக்க வேண்டும். முன்பிருந்த துரைமாருக்கு இது தெரியும். அவர்கள் எங்கள்மேல் பிரியம் வைத்திருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. தெரிந்து விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். இவர் புதிதாக வந்தவர். மண் போட்டு ஈரம்கூடக் காயவில்லை, கங்காணி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். அம்மா பெரட்டுக்கு வரவில்லையாம், துரை அவள் பேரை வெட்டச் சொல்கிறாராம், காம்பிராவை வேறு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். பெரட்டு என்பது காலையில் எல்லோரும் களத்தில் கூடி, பேர் கொடுத்து, வேலைக்குப் பிரிந்து போவது.

நான் ஆபீசுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. தொழிலாளிகள் நின்று பேசும் ஜன்னலுக்கு வெளியேதான் என்னையும் நிறுத்தினார்கள், மழைத்தூறலில். கருமாதி என்றால் என்ன, விளக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். துரை பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அவள் டர்ன் அவுட் ஆகாவிட்டால், அவளை டர்ன் அவுட் பண்ண வேண்டியதுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வேலைக்கு வராவிட்டால் வீட்டைவிட்டு விரட்டுவேன் என்பதுதான் அதன் அர்த்தம். அதை ஒரே சொல்லில் அழகாகச் சொல்லிவிட்டோம் என்ற சந்தோஷம் அந்த மனுஷனுக்கு. பக்கத்தில் இருந்த கிளாக்கரும் சேர்ந்து சிரித்தார். அவர் தமிழர்தான். விரட்டுகிறேன் என்று சொன்னதைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஹட்டனுக்கு என்னோடு வந்துவிடு, ஒரு அறை பார்க்கிறேன் என்றேன். அம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டாள்.

"உங்கப்பா செத்த எடத்துல வெளக்கு எரிய வேணாமா? தொரை வரச் சொன்னாருல்ல, போறேன். நீ வெளக்கப் பாத்துக்க."

விளக்கைப் பக்கத்து வீட்டு அக்காளின் பொறுப்பில் விட்டுவிட்டு மறுநாள் காலையில் நானும் பின்னால் போனேன். பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு மேளம் அடித்து ஓய்ந்திருந்தது. பனி விலகவில்லை. பெண்கள் கூடையை முதுகில் மாட்டி, நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். அம்மா கூடையோடு களத்தின் ஓரத்தில் போய் நின்றாள், பொட்டழித்த நெற்றியோடு.

எங்கள் சனங்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். புதிதாகத் தாலியிழந்தவளின் முகத்தில் விழித்துவிட்டு யாரும் எந்தக் காரியத்துக்கும் புறப்பட மாட்டார்கள். அப்படிப் புறப்பட்டால் மலையில் கால் இடறும், அட்டை கடிக்கும், பாம்பு நிற்கும் என்பார்கள். கூடவே பிறந்து வளர்ந்தவர்கள், ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள்தான். இருந்தாலும் அப்படித்தான்.

முன்வரிசையில் நின்ற ஒருத்தி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கூடையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி போனாள். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் திரும்பினார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குப் போக இருந்த ஆம்பிளைகளும் கத்தியைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு போனார்கள். கங்காணி மட்டும் அம்மாவிடம் வந்து, "தங்கச்சி, நீ ஏன் வந்த" என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள். கொழுந்து முற்றிக்கொண்டிருந்த நேரம், மலை முழுக்கப் பறிக்க வேண்டிய துளிர். களத்தில் வேலைக்குப் போக ஒரு குஞ்சு இல்லை.

துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இதென்ன, எங்கே ஆட்கள் என்று களத்தில் பேர் பதியும் கணக்கப்பிள்ளையிடம் சத்தம் போட்டார். கணக்கப்பிள்ளை என்னைக் காட்டினார். நீங்கள் என் அம்மாவை வரச் சொன்னீர்கள், வந்துவிட்டார், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஆட்கள் வேலைக்குப் போக மாட்டார்கள், கருமாதி முடியும்வரை தினமும் வருவார் என்று சொன்னேன். துரையின் முகம் சிவந்தது. இந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப் போ, சடங்கு முடிந்து வரட்டும், பேரை வெட்ட வேண்டாம் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். காம்பிரா எங்களுக்கே நின்றது.

கருமாதி முடிந்து நான் ஹட்டனுக்குத் திரும்பினேன். பள்ளிக்கூடத்தில் அட்டை கிழிந்த பெரிய அகராதி ஒன்று இருந்தது. டர்ன் அவுட்டைத் தேடி எடுத்தேன். அதில் என்னவெல்லாமோ இருந்தன. மாடுகளைத் தொழுவத்திலிருந்து மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவது, சட்டைப்பையைக் கவிழ்த்துக் கொட்டுவது, காவல்காரர்கள் வெளியே வந்து அணிவகுப்பது, குடியிருப்பவனைத் துரத்துவது. மாட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சொல் என்று பார்த்தபோது துரையின் சிரிப்பு திரும்பவும் காதில் கேட்டது. கடைசியில், பழைய வழக்கு என்ற குறிப்போடு இன்னொன்று இருந்தது. இங்கிலாந்தில் நெசவாலைத் தொழிலாளிகள் ஒருகாலத்தில் வேலையை நிறுத்திவிட்டு ஆலைக்கு வெளியே வந்ததையும் இதே சொல்லால்தான் சொன்னார்களாம். துரையின் சொந்த ஊர் ஏழைகள் முதலாளிக்கு எதிராகச் செய்த காரியம்! எங்களை விரட்டுவதற்கான பொருளையெல்லாம் கப்பலில் ஏற்றி வந்தவர்கள் இதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள். கேக்கைச் சொல்லிக்கொடுத்த டீச்சராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த லீவில் அதை அம்மாவிடம் சொல்ல ஓடிவந்தேன். அன்றைக்கு உனக்காகத்தான் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள், சீமையிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்றேன். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்காக நின்னாங்களா, என்னையப் பாத்துப் பயந்து போனாங்களா, எனக்குத் தெரியாதா புள்ள?"

எனக்காவது தெரியுமா என்றால், தெரியாது. இரண்டும் கலந்திருக்கும் என்று வாதாடினேன். கடைசியில் சத்தமும் போட்டேன். அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் காலையில் தப்புச் சத்தம் கேட்டு எழுந்தேன். லயத்துப் பெண்கள் கூடையோடு இறங்கிப் போனார்கள். அம்மா புறப்பட்டு, கூடையும் மாட்டி, கதவுக்கு உள்பக்கமாக நின்றுகொண்டிருந்தாள். கருமாதி எப்போதோ முடிந்துவிட்டது, இனி யார் என்ன சொல்வார்கள், போக வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"அவுங்க மொதல்ல போவட்டும். யாரும் என் மொகத்துல முழிக்க வேணாம்."

கடைசி ஆளும் மலைப்பாதையில் ஏறி மறைந்த பிறகுதான் அவள் வாசலைத் தாண்டினாள். தினமும் இப்படித்தானாம். பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு எங்கள் தோட்டத்தில் பாதிச் சம்பளம்தான், அதை அரைப்பேர் என்பார்கள். எவ்வளவு கொழுந்து பறித்தாலும், வேலையை விட்டு நிற்கும்வரை என் அம்மாவுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்.