சத்தம் வந்த பக்கம்

மஸ்கட்டுக்கு மேட்ச் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டார். ஃபுட்பால் என்று திருத்தினேன். இந்தியாவுக்கு ஃபுட்பால் டீம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, தோற்பதற்கென்றே இருக்கிறது என்றேன். இருபது வருடமாக இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

போனது இரண்டு பேர், நானும் என் நண்பனும். திருவண்ணாமலையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவனுக்குப் பக்கத்திலேயே டூவீலர் மெக்கானிக் ஷாப். கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே டீம். அவன் கோல்கீப்பர். நான் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் காவல் காத்தவன். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அவன் சத்தத்தை வைத்து செயின் லூஸா, பேரிங் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவான். இதை நான் மஸ்கட்டில் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

அவன் கண்ணில் கோளாறு என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. சாயங்காலம் ஆனால் கீழே விழுந்த நட்டைத் தேட முடியவில்லை. ஒருநாள் பட்டப்பகலில் பக்கவாட்டில் நின்ற தள்ளுவண்டியில் போய் முட்டிக்கொண்டான். வேலூரில் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இது ஓரத்திலிருந்து உள்ளே வருகிற நோய், கடைசியில் நடுவில் ஒரு குழாய் அளவுக்குத்தான் பார்வை நிற்கும், பிறகு அதுவும் அடைத்துவிடும், மருந்து கிடையாது என்றார் அவர். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு இரண்டு வருடம் இருக்கலாம் என்றார்.

வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தோம். பாதி டம்ளர் குடித்தபிறகு அவன் சொன்னான். "கண்ணு இருக்கறப்பவே ஒரு தடவ நம்ம டீம் வெளிநாட்டுல கோல் போடறத நேர்ல பாத்துடணும்டா. ஜெயிக்கக்கூட வேணாம். ஒரு கோலு."

"பெங்களூர்லயே பாக்கலாமே. எதுக்கு வெளிநாடு?"

"நம்ம ஊர்ல கோல் போட்டா எல்லாருந்தான் கத்துவான். அதுல இன்னா இருக்குது? அவன் ஊர்ல போட்டா மொத்த கிரவுண்டும் கப்சிப்னு ஆயிடும். மூலைல நம்மாளுங்க நாலு பேரு மட்டும் கத்துவானுங்க. அதான்டா கோலு."

கல்லூரியில் ஒருமுறை வெளியூர் மைதானத்தில் எங்கள் டீம் கோல் போட்டபோது அவன் எதிர்முனையில் தனியாக நின்றிருந்தான். அவ்வளவு கூட்டமும் அடங்கிவிட்டது, தன் குரல் மட்டும் தனக்குக் கேட்டது என்று அதைப் பற்றி நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

வேலூர் போய் வந்த நாளிலிருந்து அவன் கை என் தோளில்தான். கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே இருப்பது பெரிய ரோடு. பௌர்ணமி வந்தால் கேட்கவே வேண்டாம், பஸ் மேல் பஸ். நான் "வா" என்றால் வருவான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஏதாவது பேசிக்கொண்டே ரோட்டில் இறங்குவான். நான்தான் இரண்டு பக்கமும் நாலு தடவை பார்ப்பேன்.

கிளம்புகிற அன்று அவன் மனைவி என்னிடம், "நீங்க கூட இருக்கீங்கன்னுதாங்கண்ணா அனுப்பறேன். அவருக்கு இப்ப கண்ணு நீங்கதான்" என்றாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

விமான நிலையத்தில் நகரும் படிக்கட்டு வந்தது. "படி நகருது, இப்ப வை" என்றேன். வைத்தான். காலால் தடவிப் பார்க்கவில்லை.

மைதானத்தில் எங்களுக்கு ஒதுக்கியிருந்தது ஒரு மூலை. முக்கால்வாசிப் பேர் அங்கே கட்டட வேலை பார்க்கும் நம் ஆட்கள். கம்பெனிச் சட்டையோடு வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். நண்பனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணே, திருவண்ணாமலைங்களா? நான் கீழ்பென்னாத்தூருண்ணே" என்றான். கொத்தனார். சொந்த ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறதாம். எங்களைப் பார்த்த சந்தோஷத்தில் எதற்கெடுத்தாலும் சிரித்தான்.

முதல் பாதியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பந்து நடுவில் இருக்கும்போது அவனுக்குத் தெரிந்தது. ஓரத்துக்குப் போனால் குழாயை விட்டு வெளியே போய்விடும். அப்போது நான் சொல்ல வேண்டும். "லெஃப்ட்ல போறான், கிராஸ் பண்றான், போச்சு." போச்சு என்பதுதான் அன்றைக்கு நான் ஜாஸ்தி சொன்ன வார்த்தை. அரைமணி நேரத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். நாலு பக்கமும் மேளமும் விசிலும் கிளம்பியது. எங்கள் மூலையில் பேச்சுமூச்சில்லை.

"அவங்களா?" என்றான்.

"ஆமா."

"சத்தம் நல்லாதான் இருக்குது" என்று சிரித்தான். அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. அவன் கேட்க வந்தது வேறு.

இடைவேளைக்குள் இருட்டிவிட்டது. பெரிய விளக்குகளைப் போட்டார்கள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். மறுபடியும் கசக்கினான். "ஒண்ணும் தெரியலடா. வெள்ளையா கூசுது. பச்சைகூடத் தெரியல. நீ சொல்லு, போதும்" என்றான். வந்த காரியம் பாதி அங்கேயே முடிந்துபோனது எனக்குப் புரிந்தது. பார்ப்பது இனி இல்லை. நான் சொல்லி அவன் கேட்பதுதான் மிச்சம்.

இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் அதிசயமாக நன்றாக ஆடினார்கள். ஒரு பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. கொத்தனார் தன்னை மறந்து "அரோகரா!" என்று கத்தினான். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நம் ஃபார்வர்டு ஒருத்தன் தனியாகப் பந்தோடு ஓடினான். நான் எழுந்து நின்றுவிட்டேன். "போறான்டா, முன்னாடி ஆளே இல்ல, கீப்பர் மட்டுந்தான்!" அவன் விரல்கள் என் தோளில் அழுந்தின. பின்னால் ஓடிவந்தவன் ஒருத்தன் பந்தைத் தட்டிப் பறித்தான். தூக்கி அடித்தான். நான் வாயை மூடித் திறப்பதற்குள் பந்து எதிர்முனையில் நம் வலைக்குள் கிடந்தது. மைதானம் அலறியது.

அவன் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். "கோலா? நம்மளா?"

அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. "ஆமாண்டா, நம்மதான்! கோல்!" என்றேன். இரண்டு கையையும் தூக்கிக் கத்தவும் செய்தேன். கொத்தனார் என்னைப் பார்த்தான், மைதானத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு நொடி அவன் வாய் திறந்து சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான், கடையில் எஞ்சின் சத்தம் கேட்பானே, அதே மாதிரி. நாலு பக்கமும் மேளம். எங்கள் மூலையில் என் ஒருவன் குரல். அவன் கை என் தோளிலிருந்து இறங்கியது.

"நம்ம கோல்னா இவ்ளோ சத்தம் வராதுடா" என்றான். மறுபக்கம் திரும்பி, "தம்பி, யாரு போட்டது?" என்று கேட்டான்.

கொத்தனார் என்னைப் பார்த்தான். நான் தூக்கிய கையை இறக்கினேன். "அவங்கதாண்ணே" என்றான்.

மிச்சம் இருந்த சில நிமிடங்களுக்குக் கொத்தனார்தான் ஆட்டத்தைச் சொன்னான். வெளியே வரும்போதும் நண்பன் கை அவன் தோளில் இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். வேன் கிளம்பும் இடம் வந்ததும் கொத்தனார் அந்தக் கையை எடுத்து என் தோளில் வைத்துவிட்டுப் போனான்.

அவனுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது அடுத்த பொய். எனக்கும் அந்தக் கோல் வேண்டியிருந்தது. அவன் கேட்டு நான் கொடுக்க முடியாமல் போனது அது ஒன்றுதான். வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று அந்த நொடியில் நம்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அவன் சண்டை போடவில்லை. செவிட்டில் ஒன்று விட்டிருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன். "விடுடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். திரும்பி வரும்போது அந்த நகரும் படிக்கட்டில் "இப்ப வை" என்றேன். ஷூ நுனியால் விளிம்பைத் தடவி, அவனாக வைத்தான்.

இப்போது குழாய் அடைத்துவிட்டது. அவன் கடையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டிச் சத்தம் கேட்டுக் குறை சொல்லி அனுப்புகிறான். வெளிநாட்டில் ஆட்டம் இருந்தால் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வான். நான் பக்கத்தில்தான் இருப்பேன். என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்பதில்லை. நானும் வாய் திறப்பதில்லை. கிரிவலம் போனால் கை தோளில்தான் இருக்கும். ஆனால் அடி அண்ணாமலை கோயில் தாண்டி ரோடு பெயர்ந்த இடத்தில் "பள்ளம்" என்று நான் சொன்னால், நின்று காலால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைப்பான். பள்ளம் இருக்கும். ஒருநாளும் நான் தப்பாகச் சொன்னதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

போன வியாழக்கிழமை மதியம் டீ குடிக்கக் கிளம்பினோம். வெயில். ரோட்டில் சைக்கிள்கூட இல்லை. "ஒண்ணும் வரல, வா" என்றேன்.

அவன் நகரவில்லை. தலையைச் சாய்த்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் கேட்டான். பிறகு அந்தப் பக்கம் கேட்டான். சத்தமே இல்லை. நானும் அவனோடு நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "போலாம்" என்றான்.