சாமி படம் போடாத ஸ்டுடியோ

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, பல வருடங்களாகத் தள்ளிப்போட்டேன். இதில் வருகிறவன் என் மனைவியின் தம்பி. எழுதினால் வீட்டில் யார் முகத்தில் விழிப்பது என்று பயந்தேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவதை யார் படிக்கப்போகிறார்கள் என்ற கூச்சமும் இருந்தது. பேனாவை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன்.

விழுப்புரத்தில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து பேனர் எல்லாம் செய்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்காக வரைவேன். எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கும் அம்மாவுக்கு ஒரு பெயர் யோசித்து, ஒரு சின்னம் வரைந்து, பையில் ஒட்ட ஒரு வட்டச் சீட்டும் செய்து கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, நானாகச் செய்ததுதான். அதைப் பார்த்து மளிகைக்கடைக்காரர் தனக்கும் ஒன்று கேட்டார். அப்புறம் அவருக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள்.

என் மச்சான் அப்போது சும்மா இருந்தான். பேச்சில் கெட்டிக்காரன். "மாமா, நீங்க வரைஞ்சிக்கினே இருங்க. ஆர்டரை நான் புடிச்சிக்கினு வர்றேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். திண்டிவனத்தில் செக்கு எண்ணெய் வியாபாரி ஒருவரைப் பிடித்தான். அவருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை எண்ணெய்க்கும் வறுத்த மல்லாட்டைக்கும் உறை வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்தச் சரக்கானாலும் முன்பக்கத்தில் ஒரு சாமி இருக்க வேண்டும்.

மயில்மேல் முருகனை வரைந்தேன். வரைந்து முடிக்கும்வரை வீட்டில் கவிச்சி சமைக்கவில்லை. உருவம் முழுக்க முடிந்தும், கண் வைப்பதற்கு மட்டும் செவ்வாய்க்கிழமை வரட்டும் என்று காத்திருந்தேன். அன்று குளித்து, விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்து கண் வைத்தேன். அச்சாகி வந்த முதல் உறையை மயிலம் மலைக்குக் கொண்டுபோய் சாமி காலடியில் வைத்து எடுத்துவந்தேன்.

சரக்கு நன்றாகப் போனது. அப்பளம், கேப்பை மாவு, ஊதுவத்தி என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோருமே சாமிதான் கேட்டார்கள். நான் அச்சக வேலையை விட்டேன். திண்டிவனத்தில் மாடியில் ஒரு அறை எடுத்து, டிசைன் ஸ்டுடியோ என்று போர்டு மாட்டி, விழுப்புரத்திலிருந்து தினம் பஸ்ஸில் போய்வந்தேன். பெண்பிள்ளைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வருமானம் கிடையாது. இந்த ஸ்டுடியோ நிற்க வேண்டும் என்பதைத் தவிர நான் முருகனிடம் அப்போது எதுவும் கேட்டதில்லை.

மழை விட்ட ஒரு காலையில் திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எனக்கு முன்னால் இறங்கியவர் வறுத்த மல்லாட்டையைத் தின்று முடித்து, வெற்றிலையும் போட்டு, எச்சிலை அந்த உறைக்குள்ளேயே துப்பிக் கீழே போட்டார். பின்னால் வந்தவர்கள் மிதித்துக்கொண்டு போனார்கள். முகம் மேலே பார்த்துக் கிடந்தது. நான் செவ்வாய்க்கிழமை வைத்த கண்.

எடுத்துக் குழாயில் கழுவினேன். திரும்பிப் பார்த்தால் சாக்கடை ஓரம் முழுக்க அதேதான். முடிந்தவரை பொறுக்கினேன். ஒருவர் என்னைப் பிளாஸ்டிக் பொறுக்குகிறவன் என்று நினைத்து, கையிலிருந்த காலி பாட்டிலை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததைப் பார்த்து என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இத இன்னாங்க பண்றது? காயிதமா இருந்தா ஆத்துல கரைச்சிடலாம். இத எரிச்சா நாறும், தண்ணில வுட்டா மெதக்கும்." கடைசியில் துணியில் கட்டிப் பரண்மேல் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் மச்சானிடம் சொன்னேன். "இனிமே தூக்கிப் போடற எதுலயும் சாமி முகம் வேணாம்டா. செடி போடலாம், செக்கு போடலாம்."

சிரித்தான். "காலண்டர்லகூடத்தான் சாமி கீறாரு. வருசம் முடிஞ்சா அத இன்னா பண்றாங்க மாமா?"

"காலண்டர்ல எவனும் எச்சி துப்பறதில்ல."

"துப்பறவன் பாவம் துப்பறவனுக்கு. நாம ஏன் பேஜாராவணும்?"

எண்ணெய் வியாபாரிக்குப் புதிதாக ஒன்று வரைந்தேன். மண்ணோடு பிடுங்கிய மல்லாட்டைச் செடி, வேரெல்லாம் காய். நான் வரைந்ததில் அதுதான் உருப்படியானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "இன்னாங்க, உரமூட்டை மாதிரி கீது? முருகர் எங்க?"

பஸ் நிலையத்தில் பார்த்ததைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "நான் எண்ணெய் விக்கிறேன். நீ எனக்கு உபதேசம் விக்கிறியா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் சட்டென்று எழுந்தான். "அண்ணே, மாமாவுக்குக் கொஞ்ச நாளா ஒடம்பு செரியில்ல. நீங்க போங்க, நான் ஜல்தியா முடிச்சித் தர்றேன்."

அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை. வியாபாரி அவனிடம் தலையாட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் படியிறங்கினார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. நான் வரைந்தது எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், அதே சாலையில் எதிர்ப்பக்கம் அவன் தனியாக ஸ்டுடியோ திறந்தான். வியாபாரிகள் சாலையைக் கடந்தார்கள், அவ்வளவுதான். என்னிடம் மாவு விற்கும் அம்மா மட்டும் மிச்சம். சாமி இல்லாத உறைக்குத் திண்டிவனத்தில் ஆள் கிடைக்கும் என்று கொஞ்ச காலம் காத்திருந்தேன். பிறகு நானே ஏணி வைத்துப் போர்டைக் கழற்றினேன்.

ஒரே ஒரு தடவை அவனிடம் கேட்டேன். "அது நான் வரைஞ்சதுடா."

"வேணாம்னு சொன்னது நீங்கதான மாமா?"



இப்போது விழுப்புரத்தில் அதே அச்சகத்தில்தான் இருக்கிறேன். அவன் வேலைகள் இங்கேதான் அச்சுக்கு வருகின்றன. மயிலின் நீலம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது நான். சரியாகத்தான் சொல்கிறேன். வேலையில் துரோகம் செய்ய மனம் வரவில்லை. அவன் வீட்டுக்கு வந்தால் அக்காக்காரி சோறு போடுகிறாள். நான் அதைத் தடுப்பதில்லை, பக்கத்தில் உட்காருவதும் இல்லை. சஷ்டிக்கு மயிலத்தில் அவன் அன்னதானம் செய்கிறான். முருகன் அள்ளிக் கொடுக்கிறான் என்கிறார்கள். கொடுக்கத்தான் செய்கிறான்.

போன கிருத்திகைக்கு மலையில் ஒருவர், நான் யார் என்று தெரியாமல், எங்கள் கதையை என்னிடமே சொன்னார். சாமி படத்தை வைத்துப் பிழைத்தவன் கடை தீப்பிடித்துவிட்டதாம். மாட்டேன் என்றவனுக்குச் சென்னையில் பெரிய கம்பெனியே வேலை கொடுத்துவிட்டதாம். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

அவன் கடை எரியவில்லை. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் இன்னும் மலைக்குப் போகிறேன், கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன். இதை நீங்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவனுக்குத் தண்டனையும் எனக்குப் பரிசும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். அதையெல்லாம் செய்ய வேண்டியவர் செய்யவில்லை. நமக்கென்ன வந்தது?