போண்டாவின் மூணு சுத்து

ஷியாமளாவுக்குப் பொய் சொல்ல வராது. வராது என்பதால் சொல்ல மாட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்வாள், சொன்ன கையோடு மாட்டிக்கொண்டு முழிப்பாள். நாற்பத்தாறு வயசுக்குள் அவள் சொன்ன பொய்களில் ஒன்றே ஒன்றுதான் நாலு மாசம் தாக்குப்பிடித்தது. அதுவும் அவள் சாமர்த்தியத்தால் இல்லை. போண்டா வாயைத் திறக்காமல் இருந்ததால்.

போண்டா என்பது நாய்.

கிடர்பூரில், துறைமுகத்து டாக்குக்குப் போகிற லாரிகள் ஹாரன் அடித்துத் திரும்பும் முனையிலிருந்து ரெண்டு சந்து தள்ளி அவர்கள் வீடு. கீழ்த்தளம். முன்னறையில் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஏழு குழந்தைகள். எல்லாம் ரெண்டு வயசுக்கு மேலே, நாலு வயசுக்குக் கீழே. பின்னறையில் ரெண்டு நாய். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளைவுட் கதவு. கூடமாட ஒத்தாசைக்கு மாலதி மாஸி.

கணவர் ஜெய்ராம் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கிறார். அதற்கு முன்னால் கரக்பூர், சக்ரதர்பூர், ஆத்ரா என்று மாற்றல் மேல் மாற்றல். கரக்பூரில் ஷியாமளா டியூஷன் ஆரம்பித்தாள். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தபோது மாற்றல் ஆர்டர் வந்தது. சக்ரதர்பூரில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தாள், தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்ட அன்று ஆர்டர். ஆத்ராவில் ஊறுகாய். ஊறுவதற்குள் ஆர்டர். கல்கத்தாவில்தான் இந்த டேகேர் என்கிற ஒரு காரியம் நாலு வருஷமாக நிலைத்திருக்கிறது. எல்லா ஊரிலும் அவள் ‘ஜெய்ராம் சார் மிஸஸ்’. இங்கேதான் ‘ஷியாமளா ஆன்ட்டி’. தெருமுனை மீன்காரர் அவரையே ‘ஆன்ட்டியோட ஹஸ்பெண்ட்’ என்று சொன்ன நாளில் ஜெய்ராம் கொஞ்சம் முகம் சுருங்கித்தான் வீட்டுக்கு வந்தார். ஷியாமளா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

நாய்களில் மிஷ்டி என்பது வெள்ளைப் பொசுபொசு. பெங்களூருக்குப் படிக்கப் போன மகள் "ரெண்டு மாசம் பாத்துக்கோம்மா" என்று விட்டுப்போனது, மூணு வருஷம் ஆகிறது. மிஷ்டிக்குக் குழந்தைகள் என்றாலே ஆகாது. அவர்கள் சத்தம் கேட்டதும் ஜெய்ராம் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். போண்டாவை யாரும் கொண்டுவரவில்லை. ஒரு மழைநாளில் குட்டியாகத் தானே படியேறி வந்தது. பழுப்பு நிறம், உருண்டை உடம்பு. அதற்குக் குழந்தைகள் என்றால் உயிர்.

கல்கத்தாவில் ஒரு சமாசாரம் உண்டு. மத்தியானம் சோறு சாப்பிட்டதும் ஒரு தூக்கம். பெங்காலிகள் அதை ‘பாத்கூம்’ என்பார்கள், சோத்துத் தூக்கம். கடை மூடும், கறாரான ஆபீசர் கண்ணும் சொக்கும். டேகேரில் விடுகிற அம்மாக்கள் பாட்டு சொல்லித்தந்தீர்களா, படம் வரைந்தார்களா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். ரெண்டு மணிக்கு வாட்ஸப்பில் ஒரே கேள்வி: தூங்கினானா? தூங்கினாள் என்றால் ஷியாமளா ஆன்ட்டி தெய்வம். தூங்கவில்லை என்றால் அன்றைக்கு மாலை ஆறு மணியிலிருந்து அந்த வீட்டில் நடக்கிற அமர்க்களத்துக்கு எல்லாம் அவளே பொறுப்பு.

பிள்ளைகளை ஒரே நேரத்தில் தூங்கவைப்பது லேசுப்பட்ட காரியமா? ஷியாமளா பாடிப் பார்த்தாள். அதட்டிப் பார்த்தாள். மாலதி மாஸி பூதம் வரும் என்றாள், அபினவ் பூதத்தைப் பார்க்க ஜன்னலில் ஏறினான். ஒருநாள் யாரோ பிளைவுட் கதவின் கொக்கியை எடுத்துவிட, போண்டா உள்ளே வந்தது. வாசற்படிக்குக் குறுக்கே நின்று, மூணு சுத்து சுத்தி, தொப்பென்று விழுந்து, வயிறு ஏறி இறங்க ஒரு பெருமூச்சு விட்டது. பிள்ளைகள் பார்த்தார்கள். ஆளுக்கொரு பாயில் எழுந்து நின்று மூணு சுத்து சுத்தி, தொப் தொப்பென்று விழுந்தார்கள். பத்து நிமிஷத்தில் அறை நிசப்தம். ஷியாமளா கையெடுத்துக் கும்பிட்டாள். சாமியையா, நாயையா என்று அவளுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அதுவே முறையாகிவிட்டது. ஒரு மணிக்குத் தயிர்சாதம், ஒன்றேகாலுக்கு போண்டா, மூணு சுத்து, தூக்கம். அம்மாக்களிடம் இதை அவள் சொல்லவில்லை. பின்னறையில் நாய் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

கேட்டது சாதனா. கஸ்டம்ஸில் வேலை, மதுரைப்பக்கம், மாற்றலில் வந்தவள். பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற பெண். மூணு வயசு மதுவந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு பைலோடு வந்தாள். பைலில் கேள்விகள்.

"நாய் எங்க இருக்கும் ஆன்ட்டி?"

"பின்னாடி ரூம்ல மேடம்."

"குழந்தைங்க இருக்கும்போது வெளிய விடுவீங்களா?"

"சேச்சே! கதவையே தொறக்க மாட்டோம்."

சொல்லும்போதே ஷியாமளாவின் காது மடல் சிவந்துவிட்டது. நல்லவேளை, சாதனா பைலில் டிக் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த மிஷ்டி ஒன்று பின்னறையை விட்டு நகராது என்பதால், ரெண்டு நாய்க்கு ஒரு நாய் உண்மை, பாதிப் பொய்தான் சொல்லியிருக்கிறோம் என்று ஷியாமளா தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். சாதனா மகளைச் சேர்த்ததோடு நிற்காமல் ஆபீசிலும் சொல்லி, இன்னும் மூணு குழந்தைகளை அனுப்பினாள். ஏழில் நாலு அவள் வழியாக வந்தவை.

மூணு நாள் ஷியாமளா ஒழுங்காகத்தான் இருந்தாள். கொக்கி போட்டு, அதன் மேல் கயிறும் கட்டினாள். மூணு நாளும் ஒரு பிள்ளையும் கண்மூடவில்லை. அந்தப் பக்கம் போண்டா பிறாண்ட, இந்தப் பக்கம் பிள்ளைகள் "போண்டா, போண்டா" என்று கூவ, வழியில் போனவர்கள் இங்கே பலகாரக்கடை போட்டிருக்கிறார்கள் என்றுகூட நினைத்திருப்பார்கள். நாலாம் நாள் கயிறு அவிழ்ந்தது. அன்றிலிருந்து ஐந்து மணியானால் மாலதி மாஸி ஈரத்துணியால் தரையைத் துடைப்பாள். ஷியாமளா ஏழு பேரையும் வரிசையில் நிறுத்தி, செல்லோடேப்பை ஒட்டி ஒட்டிச் சட்டையிலிருந்து பழுப்பு முடியை எடுப்பாள். கஸ்டம்ஸ்காரி மகளுக்கு மட்டும் ரெண்டு தடவை.

முடியை எடுத்தாள், சரி. பழக்கத்தை எந்த டேப்பில் எடுப்பது?

மதுவந்தி வீட்டில் படுக்கப்போகும் முன் கட்டிலில் மூணு சுத்து சுத்த ஆரம்பித்தாள். சாதனா முதலில் டான்ஸ் என்று நினைத்து வீடியோ எடுத்து மதுரைக்கு அனுப்பினாள். அப்புறம் மகள் பிஸ்கட்டைத் தரையில் வைத்து, ரெண்டு கையையும் முன்னால் நீட்டிப் படுத்துக்கொண்டு தின்றாள். அப்புறம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதும் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டாள். வேறு அம்மாவாக இருந்தால் மறுநாளே சண்டைக்கு வந்திருப்பாள். சாதனா வாயைத் திறக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு, மணியை அடிக்காமல், வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

ஏழு குழந்தைகளும் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டாவது பாயில் ஷியாமளா, வாய் திறந்தபடி. மாஸி சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் விழித்திருந்தது போண்டா மட்டும். வாசற்படிக்குக் குறுக்கே கிடந்த அது எழுந்து நின்றது. குரைக்கவில்லை. உறுமக்கூட இல்லை. சாதனா இடதுபக்கம் கால் வைத்தால் இடதுபக்கம் நகர்ந்தது, வலதுபக்கம் வைத்தால் வலதுபக்கம். பெற்ற பெண்ணைத் தூக்க வந்தவள் படியிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி!"

ஷியாமளா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். காது மடல் மட்டுமில்லை, கழுத்துவரை சிவந்துவிட்டது.

"தெனமும் இப்படித்தானா?"

"ஆமா மேடம். நான் பொய் சொல்லிட்டேன்."

"நாய் கூடப் பெரிசில்ல ஆன்ட்டி. பொய்தான்." குரல் உயரவே இல்லை. ஷியாமளா போண்டாவை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள, சாதனா தூங்குகிற பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். போண்டா வாசல்வரை பின்னாலேயே போய், அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெய்ராம் சாயங்காலம் கேட்டுவிட்டுக் கணக்காகச் சொன்னார்: "அந்தப் பொண்ணு போனா கூட மூணு போகும். மிச்சம் மூணை வெச்சுக்கிட்டு டேகேர் நடத்த முடியாது. ஹவுரால எங்க ஆபீஸ் சிவராம் வீட்ல தோட்டம் இருக்கு, நாய்னா அவருக்குப் பிடிக்கும். ஞாயித்துக்கிழமை போண்டாவைக் கொண்டுபோய் விட்டுடலாம். அப்புறம் நீ அந்த மேடம்கிட்ட பேசு."

ஷியாமளா சரி என்றாள். கரக்பூர், சக்ரதர்பூர், ஆத்ரா எல்லாம் மனசில் வந்து போயின. இன்னொரு தடவை ‘ஜெய்ராம் சார் மிஸஸ்’ ஆக அவளுக்குத் தெம்பில்லை. அலுமினியத் தட்டையும் அதன் பழைய போர்வையையும் ஒரு பையில் போட்டு வைத்தாள். போண்டா வந்து பையை முகர்ந்துவிட்டு, தன் போர்வை என்று தெரிந்து, பையின் மேலேயே படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொக்கி போட்டுக் கயிறு கட்டினாள். மதுவந்தியின் பாய் காலியாகக் கிடந்தது. மற்ற ஆறு பேரும் கூவப்போகிறார்கள் என்று காத்திருந்தாள். அந்தப் பக்கம் பிறாண்டல் வரவில்லை. சரியாக ஒன்றேகாலுக்கு, கதவுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் நகம் படும் சத்தம். ஒரு சுத்து. ரெண்டு சுத்து. மூணு. தொப். அப்புறம் அந்தப் பெருமூச்சு. ஆறு பேரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். எழுந்து மூணு சுத்து சுத்தினார்கள், விழுந்தார்கள், தூங்கிவிட்டார்கள். கதவை அடைத்தாலும் அது தன் வேலையைப் பார்த்துவிட்டது. ஷியாமளா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் எழுந்து கயிற்றை அவிழ்த்தாள்.

சனிக்கிழமை காலை டேகேர் வாட்ஸப் குரூப்பில் எழுதினாள். ஜெய்ராமைக் கேட்கவில்லை. "மன்னிக்கணும். எங்க நாய் போண்டா தினம் மத்தியானம் குழந்தைங்க ரூம்ல, வாசப்படில படுக்கும். உங்ககிட்ட மறைச்சது என் தப்பு. ஆனா போண்டாவை அனுப்ப மாட்டேன். இஷ்டமில்லாதவங்க குழந்தையை நிறுத்திக்கலாம். நான் தப்பா நெனைக்க மாட்டேன்." அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்து, அரிசி களையப் போய்விட்டாள். அரிசியில் பாதி தொட்டியில் போயிற்று.

முதல் பதில் மேக்னாவின் அம்மா. "அப்பாடா ஆன்ட்டி, சொல்லிட்டீங்க! இவ வீட்ல ஆறு மாசமா மூணு சுத்து சுத்திட்டுத்தான் படுக்கறா. நீங்களா சொல்றவரைக்கும் கேக்கக்கூடாதுன்னு இருந்தோம்." அடுத்து அபினவின் அப்பா: "எங்க வீட்லயும்தான். இப்ப நானும் சுத்தறேன். நல்லாத் தூக்கம் வருது." இன்னொருத்தர், செல்லோடேப் பாதி முதுகில் ஒட்டியபடியே வீட்டுக்கு வந்த சட்டையின் போட்டோ போட்டார். கஸ்டம்ஸ் அம்மாக்கள் மூணு பேரும் வரிசையாகச் சிரிப்பு பொம்மை அனுப்பினார்கள். ஆக, நாலு மாசம் காப்பாற்றிய ரகசியம் ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தது ஷியாமளா ஒருத்திதான். ஜெய்ராம் எல்லாவற்றையும் படித்துவிட்டு, சிவராமுக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வரல" என்று மட்டும் சொன்னார்.

சாதனா பக்கம் ரெண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. ஞாயிறு முழுக்க இல்லை. ஷியாமளா போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள், சரி. ஆனால் பொய் சொன்னது அவளிடம்தானே.

திங்கட்கிழமை எட்டு இருபதுக்கு மணி அடித்தது. மிஷ்டி கட்டிலிலிருந்தபடியே குரைத்தது. கதவைத் திறந்தால் சாதனா. இடுப்பில் மதுவந்தி, கையில் அதே பைல். கண்ணுக்குக் கீழே கருவளையம். மதுவந்தி வழுக்கி இறங்கி, ஒரே ஓட்டமாக ஓடி போண்டாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"தடுப்பூசி கார்டு வேணும் ஆன்ட்டி. ரெண்டு நாய்க்கும்."

"இருக்கும்மா, இதோ."

"பூச்சி மருந்து?"

"போன மாசம்தான் குடுத்தேன்."

"இது உண்மைதானே?"

"சத்தியமா!"

சாதனா அவள் காது மடலை உற்றுப் பார்த்தாள். சிவக்கவில்லை. டிக் போட்டாள். போகவில்லை. பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

"இன்னொண்ணு கேக்கணும். இவ வியாழக்கிழமையிலேர்ந்து சரியாத் தூங்கல. வாசப்படில போண்டா வேணுமாம். வேற வழியில்லாம நேத்து நானே வாசப்படில தலகாணியப் போட்டுப் படுத்தேன். மூணு சுத்தும் சுத்தினேன் ஆன்ட்டி. அப்பவும் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, ‘அம்மா, தப்பு தப்பு’ங்கறா. என்ன தப்புன்னு சொல்லத் தெரியல அவளுக்கு."

ஷியாமளா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்துவிட்டால் குடி முழுகிப்போகும்.

"எந்தப் பக்கமாம்மா சுத்துனீங்க?"

"வலது பக்கமா."

"அது இடது பக்கமா சுத்தும்மா. விழுந்தப்புறம் பெருமூச்சு விட்டீங்களா?"

"விடணுமா?"

"கண்டிப்பா விடணும். அதுலதான் இதுங்க கண்ண மூடும்."

சாதனா பைலைத் திறந்து, பூச்சி மருந்துக்குக் கீழே எழுதிக்கொண்டாள்.